எஸ்தர் அம்மா தோலில் அடித்த தேதிகள்

எஸ்தர் அம்மா இறந்துவிட்டார். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் ஆம்பூர் வருகிற ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் கணவர் சாலமன் ஐயா போனில் இதை மூன்றே வாக்கியத்தில் சொன்னார். நான்காவதாக, "இன்னைக்கு அவ லீவுன்னு எழுதிக்குங்க பாய்" என்றார். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர். அந்த நிமிஷத்தில் அவருக்குச் சொல்லத் தோன்றியது அதுதான்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவன் என்பது தெரியும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. போனை மேஜையில் வைத்துவிட்டு நேராக எங்கள் தோல் ஷெட்டின் பாய்லர் ரூமுக்குப் போய், அதன் வால்வில் கட்டியிருந்த தோல் துண்டை விரலால் தடவிப் பார்த்தேன். அதிலிருந்து கம்ப்ரஸருக்கு. அங்கிருந்து லிஃப்டுக்கு. என் பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் பாஷா, "இன்னா பாய், ஏதாவது தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

அந்தத் தோல் துண்டுகளைப் பற்றி, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோல் தொழிற்சாலை ஓட எத்தனை காகிதம் வேண்டும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. கழிவுநீர் அனுமதி, பாய்லர் சர்டிபிகேட், தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, லிஃப்ட் சோதனை, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ், ஆட்களின் கண் பரிசோதனை வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. ஒன்றின் தேதி இன்னொன்றோடு ஒத்துவராது. மற்ற கம்பெனிகளில் இதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும், இல்லையென்றால் ஒரு பீரோவில் தூங்கும். எஸ்தர் அம்மா தேதியை மெஷினிலேயே தொங்கவிட்டார். கழித்துப்போட்ட நீலத்தோலில், அதாவது குரோமில் பதப்பட்டு நீலமான தோலில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தோலில் லாட் நம்பர் அடிக்கிற இரும்பு அச்சை எடுத்துச் சுத்தியால் தேதியை அடித்து, கம்பி கோத்து மாட்டிவிடுவார். தோல் பதப்படுத்தும் டிரம்முக்குள் போய்ச் சுண்ணாம்பையும் ஆசிட்டையும் தாண்டி வருகிற நம்பர் அது, ஆவியும் தண்ணீரும் அதை என்ன செய்துவிடும் என்பார். ஃபைல் வேறு தனியாக இருந்தது, அதிலும் குறை கிடையாது. "பேப்பர் ஆபீசருக்குப் பாய். தோலு நமக்கு" என்பது அவர் சொல்.

அவர் எங்களிடம் வந்த கதை சின்னது. ஒரு பெரிய ஷூ கம்பெனியில் இருபது வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவர். அதை மூடியபோது வெளியே வந்தார். நான் அப்போதுதான் ஆம்பூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் ஷெட்டை வாங்கியிருந்தேன். பேரணாம்பட்டில் சைக்கிளில் துண்டுத்தோல் பொறுக்கி விற்றவன் நான். தோலைத் தொட்டால் எந்த ஊர் ஆடு என்று சொல்வேன், காகிதத்தைத் தொட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. வேலை கேட்டு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றேன். ஃபைலைப் பார்க்கலாமா என்றார். கொடுத்தேன். மத்தியானம் வரை படித்தார். டீ ஆறிப் போனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாய், பேப்பர்படி பார்த்தா உங்க கம்பெனி மூணு மாசமா இல்ல."

பழைய முதலாளி விட்டுப்போன மூன்று காகிதங்கள் காலாவதியாகி, நான் அதே பெயரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்காவது ஒன்று ஆகியிருந்தால், இன்சூரன்ஸும் இல்லை, நானும் வெளியே இருந்திருக்க மாட்டேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னேன்.

வந்த முதல் மாதமே அவர் ஒரு வழக்கம் வைத்தார். அரசு ஆபீசில் புதுப்பிக்க வேண்டிய காகிதங்களுக்கு, தோலில் உண்மையான தேதியை அடிக்க மாட்டார். அறுபது நாள் முன்னால் உள்ள தேதியை அடிப்பார். மனு போட்டு, ஆள் வந்து பார்த்து, குறை எழுதி, அதைச் சரிசெய்து, மறுபடி மனு போட அவ்வளவு நாள் பிடிக்கும் என்பது அவர் அனுபவம். முதல் வருஷம் அந்தத் தேதியைக் கண்டு எல்லோரும் ஓடினோம். இரண்டாம் வருஷம் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தோலில் தேதி தாண்டினாலும் காகிதத்தில் இரண்டு மாதம் இருக்கும். "அது மேடம் தேதி, நெஜத் தேதி வேற" என்று பாஷா சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் வியாபாரத்தில் யாரும் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார்கள். விற்கிறவன் அளவைக் கொஞ்சம் ஜாஸ்தி சொல்லுவான், வாங்குகிறவன் கொஞ்சம் கம்மி பண்ணுவான். இன்னார் சொன்னால் நூற்றுக்கு நாலு தள்ளு, இன்னார் சொன்னால் ஏழு தள்ளு என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு தெரிந்ததால்தான் சைக்கிளிலிருந்து இறங்கி லாரி வாங்கினேன். அதே கணக்கை எஸ்தர் அம்மாவின் தேதிக்கும் போட்டேன். அவரும் எல்லோரையும் போலத் தள்ளுபடிக்கு இடம்விட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய ரயில் சீசன் டிக்கெட் விஷயம் நினைவு வருகிறது. ஒரு நாள் காலை தாமதமாக வந்தார். கேட்டால், சீசன் டிக்கெட் அன்றோடு முடிகிறது, கவுண்டரில் நின்று புதுப்பித்துக்கொண்டு வந்தேன் என்றார். நான் விடவில்லை. ஊருக்கெல்லாம் அறுபது நாள் முன்னாடி தேதி போடுகிறீர்கள், உங்கள் டிக்கெட்டுக்குக் கடைசி நாளா என்று கிண்டல் பண்ணினேன். சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தபடியே, "அஞ்சு நிமிஷத்துல முடியறதுக்கு எதுக்கு பாய் முன்கூட்டியே பேஜார்?" என்றார். ஆபீசே சிரித்தது. அந்தப் பதிலில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நான் அதைச் சிரிப்போடு விட்டுவிட்டேன்.

இனி சொல்லப்போவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. என் வீட்டிலும் சொன்னதில்லை.

எங்கள் ஷெட்டின் பின்பக்கம் கழிவுநீர் சேரும் தொட்டி இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். டிரம் கழுவிய தண்ணீர், சுண்ணாம்பு, முடி, சதை எல்லாம் அதில் இறங்கும். அடியில் சேறு தங்கினால் அதிலிருந்து விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். இந்தப் பக்கத்தில் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அதற்காகத்தான் கையடக்கமான ஒரு மீட்டர் வைத்திருக்கிறோம். கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினால், வாயு இருந்தால் கத்தும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்து சர்டிபிகேட் வாங்க வேண்டும். அந்த மீட்டரின் கழுத்திலும் எஸ்தர் அம்மாவின் நீலத்தோல் தொங்கியது.

ஒரு சனிக்கிழமை, தொட்டிக்குள் பம்ப் அடைத்துக்கொண்டது. டிரம் நின்றது. உள்ளே ஊறிக்கொண்டிருந்த தோல் அன்று சாயந்திரத்துக்குள் வெளியே வராவிட்டால் மொத்தமும் கெடும். திங்கட்கிழமை தோல் வாங்குகிற கம்பெனி ஆட்கள் ஷெட்டைப் பார்க்க வருகிறார்கள். தொட்டி வேலை தெரிந்தவர் ஏழுமலை. அவரைக் கூப்பிட்டேன். இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மீட்டரை எடுத்தவர், தோலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"தேதி பன்னெண்டு நாள் தாண்டிடுச்சே பாய்."

"அது மேடம் தேதி. இன்னும் ஒண்ணரை மாசம் இருக்கு. எறக்கிப் பாரு" என்றேன்.

இந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யார் மேலும் போட முடியாது. மீட்டரை இறக்கினார்கள். பூஜ்யம் காட்டியது. கத்தவில்லை. நாற்றமும் ஜாஸ்தி இல்லை. ஏழுமலை ஏணியில் ஒரு காலை வைத்தார்.

சனிக்கிழமைகளில் எஸ்தர் அம்மா பத்தரை மணி ரயிலில் வருவார். அன்று கேட்டுக்குள் நுழைந்தவர், கைப்பையோடு, குடையோடு நேராகப் பின்பக்கம் வந்தார். யாராவது சொன்னார்களா, டிரம் சத்தம் இல்லாததைக் கவனித்தாரா தெரியாது. மீட்டரை வாங்கித் தோலைத் திருப்பிப் பார்த்தார். குரல் உயரவில்லை. "ஏழுமலை, கால எடு" என்றார். ஏழுமலை எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. டிரம் தோல் கெடுகிறது, உங்கள் அறுபது நாளை நான் அறியாதவனா என்று ஏதோ பேசினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாஷாவைப் பக்கத்துக் கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் மீட்டரை இரவல் வாங்கி வரச் சொன்னார். அவன் வரும்வரை தொட்டி வாயின் குறுக்கே ஏணியைப் படுக்கப்போட்டு, அதன் பக்கத்தில் குடையை ஊன்றி நின்றார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இரவல் மீட்டர் வந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஒரு கை ஆழம்கூடப் போகவில்லை. பக்கத்துக் கம்பெனி மீட்டர் அலற ஆரம்பித்தது. வெளியே எடுத்தும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. அதோடு ஒட்டிக் கட்டியிருந்த எங்கள் மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே உணர்கிற பாகம் செத்துவிட்டிருந்தது. செத்துப்போன மீட்டரும் நல்ல காற்றும் ஒரே எண்ணைத்தான் காட்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஏழுமலை அங்கேயே தரையில் உட்கார்ந்து பெல்ட்டை அவிழ்த்தார். கொக்கியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்று என் மகள் படித்த பள்ளியில் படிக்கிறது. வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் ஆபீஸ் ரூமில் நான்தான் கேட்டேன், மற்றதற்கெல்லாம் அறுபது நாள் முன்னாடி போடுகிறவர் இதற்கு ஏன் போடவில்லை என்று. கேட்கும்போதே என் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"ஆபீஸ்ல நிக்கற பேப்பருக்குத்தான் பாய் நாள் முன்னாடி வேணும். இது கூரியர்ல போயி ஒரு வாரத்துல வர்ற சாமான். இதுக்கு நெஜத் தேதிதான் போட்டேன். தேதிக்கு முன்னாடியே அனுப்பியிருக்கணும். கூரியர் பெட்டியில எடுத்து வெச்சிட்டுப் போனேன், யாரோ திரும்ப எடுத்து மாட்டிட்டாங்க. கேக்காம விட்டது என் தப்பு." அதோடு விடவில்லை. "எல்லாத் தேதியிலயும் எடம் இருக்குன்னு உங்கள நெனைக்க வெச்சதும் என் தப்பு."

அது அவர் தப்பு இல்லை. நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று சாயந்திரமே தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி அவர் கைப்பைக்குள் பழைய கண்ணாடிக் கூட்டில் போனது. ஷெட்டில் தொங்கிய எல்லாத் தேதித் தோலையும் கழற்றி, திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து புதிதாக அடித்தார். இனி உண்மையான தேதி மட்டும்தான். புதுப்பிக்கப் புறப்பட வேண்டிய நாளைத் தன் நோட்டில் தனியே எழுதிக்கொண்டார். சாவியைப் பற்றி என்னிடம் இரண்டே விஷயம் சொன்னார். "தேதி தாண்டினா நீங்க கேட்டாலும் தர மாட்டேன் பாய். ஆனா நீங்க கேட்டதை யாருக்கும் சொல்ல மாட்டேன்." அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் தரவில்லை. மூன்றும் அவரோடு போய்விட்டன.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். உங்களில் பலரை அங்கே பார்த்தேன். ஊருக்கெல்லாம் தேதி பார்த்தவருக்குத் தன் தேதி தெரியாமல் போச்சே என்று ஒருவர் என் காதருகில் சொன்னார். அழகாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. மனுஷனுக்கு யாரும் தேதி அடித்துத் தொங்கவிடுவதில்லை. மெஷினுக்கும் காகிதத்துக்கும்தான் அது முடியும். முடிகிற இடத்தில் அதைச் சரியாகச் செய்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அது கொஞ்சம் இல்லை. கிளம்பும்போது சாலமன் ஐயா அந்தக் கண்ணாடிக் கூட்டை என் கையில் கொடுத்தார். சாவி உள்ளே குலுங்கியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை பம்ப் மறுபடி அடைத்தது. அவர் இறந்த வாரத்தில் சென்னைக்கு அனுப்ப வேண்டிய மீட்டர் அனுப்பப்படாமல் கிடந்தது. தோலில் தேதி தாண்டி நாலு நாள். டிரம்மில் தோல். பாஷா வந்து நின்றான். "பாய், சாவி உங்ககிட்டதான? நாலு நாள்தானே, மீட்டர்ல உள் பாகம் போன தடவதான் புதுசா மாத்தினாங்க" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று என் மனம் ஏற்கெனவே தள்ளுபடி போட்டுவிட்டிருந்தது. என் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. விரல் கூட்டைத் தொட்டதும்தான் என் கையை நான் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த பயம் அந்தச் சனிக்கிழமை தொட்டி வாயில் நின்றபோது வந்ததைவிடப் பெரியது. அன்று மீட்டர் பொய் சொன்னது. இந்தத் தடவை எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கை போனது. இன்ஸ்பெக்டருக்கு நான் பயந்ததில்லை. என் கணக்குக்குப் பயப்படுகிறேன். அந்தக் கணக்கைத் தடுக்க வீட்டிலிருந்து ரயிலேறி வருகிற ஆள் இனிமேல் இல்லை.

மூடியைத் திறக்கவில்லை. உறிஞ்சும் லாரி வர மறுநாள் ஆனது. ஒரு டிரம் தோல் கெட்டது. கெடட்டும்.

எஸ்தர் அம்மாவின் இரும்பு அச்சுப் பெட்டியும் சுத்தியும் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. பன்னிரண்டு நாள் தாண்டிய அந்தப் பழைய நீலத்தோலை அவர் எறியாமல் நோட்டுக்குள் வைத்திருந்தார். அதை என் பணப்பையில் வைத்திருக்கிறேன். இவை இரண்டும் எனக்கு. சாவியை நான் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தெளிவாகிவிட்டது. ஏழுமலையைக் கூப்பிட்டுக் கூட்டோடு நீட்டினேன். அம்மா வைத்த அதே பேச்சு, கேட்டால் தரக்கூடாது, கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்றேன். அவர் கையை நீட்டவில்லை.

"அம்மா பெரிய மனசு, சொல்லாம இருந்தாங்க. உள்ள எறங்கறது நான் பாய். நான் சொல்லுவேன்."

கொஞ்ச நேரம் பேரம் பேசிப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. அவர் ஒரு பைசா இறங்கவில்லை. கடைசியில் முடிந்தது இப்படி. சாவி ஏழுமலையிடம். தோலில் தேதி தாண்டினால் மூடி திறக்காது. நான் கேட்டாலும் தர மாட்டார். நான் கேட்டால், அன்று மத்தியானச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லுவார். சொன்னதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் காகிதத்துக்கு முடிவு தேதி போடவில்லை.